கத்தி எண்ணெயில, பிரஷ் காத்துல

4.12.2022, ஞாயிறு

ஏழு பேர். ஞாயித்துக்கிழமையில ஏழே பேர். கார்த்திகை. பாதி ஊர் மாலை போட்டிருக்கு. போன மாசம் வரைக்கும் என் நாற்காலியில உக்காந்தவங்க இப்ப தாடியோட எதிர்ல வந்து "சாமி சரணம்"ங்கறாங்க. நானும் சரணம்னுட்டு நாற்காலியைத் துடைக்கறேன்.

சாயந்திரம் ஒரு பிரான்ஸ்காரர். வாடகை புல்லட். பையிலருந்து அலுமினியக் குழாய் ஒண்ணை எடுத்துத் திருகினார். உள்ள அவரோட சேவிங் பிரஷ். இதால போடுன்னார். மூடி கழண்டதுமே மூக்குல அடிச்சுது. நனைஞ்ச நாய் வாடை, அதுக்கு மேல பூஞ்சை. முடியோட அடியில கறுப்புக் கறுப்பா புள்ளி. கோவம் வந்துருச்சு. யார் பிரஷ்ஷோ, எனக்கென்ன. ஆனாலும் வந்துது. "வெட், க்ளோஸ், நோ"ன்னு கையை ஆட்டினேன். சிரிச்சார்.

பேட்ஜர் முடியாம். செல்போன்ல படம் காட்டினார். கரடிக்கும் கீரிக்கும் நடுவுல ஒரு பிராணி. விலை கேட்டேன். சொன்னார். மனசுக்குள்ள ரூபாயில கணக்குப் போட்டுப் பார்த்துட்டு மறுபடி கேக்கல.

அந்த பிரஷ்ஷை அவர் மூஞ்சியில வைக்க எனக்கு மனசு வரல. என் பிரஷ்ஷை வைக்க அவருக்கு மனசு வரல. கையாலயே நுரை தேய்ச்சேன்.

பாண்டிச்சேரி போறார். பத்தாம் தேதி திரும்பி வர்றப்ப வாங்கிக்கறேன்னு பிரஷ்ஷையும் குழாயையும் விட்டுட்டுப் போனார். இல்ல, பொய். விட்டுட்டுப் போங்கன்னு நான்தான் கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு தெரியல.

வெதுவெதுன்னு தண்ணி, அதுல ரெண்டு மூடி வினிகர். கால் மணி நேரம் ஊறல். சோப்புக் கசடு வெள்ளையா மிதந்து வந்துது. கொதிக்கிற தண்ணி ஆகாது, பசை விட்டுரும். அலசி, முறுக்காம அமுக்கி, மூணு உதறு. கம்பி வளைச்சு ஆணியில தலைகீழா மாட்டியாச்சு. குழாய் அலமாரி மேல.

வீட்டுக்காரி செங்கல்பட்டுக்குப் பொண்ணு வீட்டுக்குப் போய் இன்னியோட அஞ்சு நாள். பாப்பாவுக்குப் பிரசவம் 20ந் தேதின்னு சொல்லியிருக்காங்க. ராத்திரி பரோட்டா. நெஞ்சு கரிக்குது.

5.12.2022, திங்கள்

காயல.

காலையில கடை தொறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி கூட வைக்காம முதல்ல அதைத்தான் தொட்டேன். நுனி காஞ்சிருக்கு. விரலை உள்ள விட்டா அடியில ஜில்லுன்னு.

கல் வேலை பையன் ஒருத்தன் வந்தான். தாடிக்குள்ள பூரா கல் தூள். கழுவாம பிரஷ் வச்சா பிரஷ்ஷும் போச்சு, பிளேடும் போச்சு. அடுத்து கடல்லருந்து நேரா வந்தவர். கன்னத்துல உப்பு. உப்பு இருந்தா நுரை எழும்பாது, எழும்பினாலும் நிக்காது. ரெண்டு பேருக்கும் மூஞ்சி கழுவவே பாதி நேரம். அதுக்கெல்லாம் காசு கிடையாது.

மூணாவது ஆள்: "பிரஷ் வேணாம்ணே. ஸ்ப்ரே இருக்கா?" கொரோனாவுக்கு அப்புறம் எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. இருக்கு. பையன் வாங்கிக் குடுத்த டப்பா. அமுக்கினா கோழி முட்டை அளவு நுரை வந்து உக்காரும். உயிரில்லாத நுரை. ஒண்ணும் சொல்லல. அமுக்கினேன்.

நம்ம பிரஷ் ரெண்டு. ரெண்டும் ஒரே நாள் வாங்கினது, ரெண்டும் பன்றி முடி. (பாய் யாராவது வந்தா எடுக்கறது நைலான். அதுக்குத் தனி ஆணி, தனிக் கிண்ணம். அப்பா காலத்துலருந்தே அப்படித்தான்.) அப்பா எப்பவும் முடி கீழ பாக்கத்தான் தொங்கவிடுவார். நிக்க வச்சாலே போதும்னு பிரான்ஸ்காரர் சைகை காட்டினார். இன்னிக்கு ஒண்ணைத் தொங்கவிட்டேன், ஒண்ணை நிக்க வச்சேன். பாப்போம் யார் சொல்றது நிஜம்னு.

கால் நரம்பு சுருட்டிக்கிட்டு இழுக்குது. ஆளே இல்லாத நாள்லயும் ஏன் நின்னுக்கிட்டே இருக்கேன்?

6.12.2022, செவ்வாய்

கடை லீவு. தீபம்.

லீவுதான், ஆனா போனேன். ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிஞ்சு உள்ள போனேன், திருடன் மாதிரி.

பேப்பர் சோதனை. நேத்துத் தினத்தந்தியை விரிச்சு அதுல பிரஷ்ஷை அமுக்கினேன். தொங்கினது: ஒரு ரூபா காசு அளவு ஈர வட்டம். நின்னது: ரெண்டு ரூபா காசு. அப்பா ஜெயிச்சார். சின்னப் பையன் மாதிரி சந்தோசம். பேட்ஜர்: பத்து ரூபா காசு, அதுக்கும் மேல. நேத்து மறுபடி அலசினதுதான் தப்பு. முடி அவ்வளவு அடர்த்தி, அடியில தண்ணியைப் பிடிச்சா விடமாட்டேங்குது.

சாயந்திரம் அவ போன். "அகல் வச்சியா?" "வச்சேன்." வைக்கல. போனை வச்சுட்டு ஒம்பது ஏத்தினேன். காத்துக்கு அஞ்சு அணைஞ்சுது. மறுபடி ஏத்தல. பக்கத்து வீட்டுல பொரி உருண்டை குடுத்தாங்க. பல்லுல ஒட்டிக்கிச்சு.

கடையை யாருக்காவது விட்டுட்டு அங்கயே வந்துரச் சொல்றா. போன வாரமும் சொன்னா.

7.12.2022, புதன்

காயல. இன்னிக்கு எல்லாம் மாறிப்போச்சு. நின்னதுல வட்டம் சின்னது, தொங்கினதுல பெருசு. அப்பா தோத்துட்டார். இல்ல, நான் சரியா உதறலையோ.

மாட்டு டாக்டர் ஐயா வந்தார், திருக்கழுக்குன்றத்துலருந்து. ரிட்டயர் ஆகியும் மாசம் ரெண்டு தடவை நம்மகிட்டதான். வரிசையா தொங்கற பிரஷ்ஷைப் பார்த்துட்டு அடைப்பான் கதை சொன்னார். மாட்டுக்கு வருமே, அதே அடைப்பான். முதல் உலகப் போர்ல பட்டாளத்துக்காரங்களுக்கு சேவிங் பிரஷ்லருந்து வந்துதாம். குதிரை முடியைச் சரியா சுத்தம் பண்ணாமலே பிரஷ் கட்டி வித்திருக்காங்க. சவரத்துல ஒரு சின்னக் கீறல், அது வழியா உள்ள. செத்தே போயிருக்காங்க. 1920ல ஜப்பான் பிரஷ் நாட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு இங்கிலாந்துல தடை. வெந்நீருக்கெல்லாம் அந்தக் கிருமி சாகாது, மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும்னார். நுரை போட்டுக்கிட்டே கேட்டேன். கை நின்னுருச்சு. "பயப்படாதப்பா, இப்பல்லாம் சுத்தம் பண்ணித்தான் வருது, போடு"ன்னார்.

அவர் போனதும் எல்லாத்தையும் டெட்டால் தண்ணியில போட்டேன். காயட்டும்னு மூணு நாளா பார்த்துக்கிட்டிருந்ததை நானே நனைச்சாச்சு. முட்டாள்.

விரல் இடுக்குல தோல் உரியுது. எரிச்சல். தேங்காண்ணெய்.

8.12.2022, வியாழன்

மழை பெருசா இல்ல. காத்து. வாடைதான், ஆனா எப்பவும் அடிக்கற வாடை இல்ல. படகுங்களை மேட்டுக்கு இழுத்துட்டாங்க. புயலுக்குப் பேர் மாண்டஸ். எமிரேட்ஸ்காரங்க வச்ச பேராம், அரபியில பொக்கிஷப் பெட்டின்னு அர்த்தமாம். டீக்கடையில பேப்பர் படிச்சு சொன்னாங்க. புயலுக்குப் போய்ப் பெட்டின்னு பேர். எல்லாரும் சிரிச்சோம்.

ரெண்டே பேர். ஒருத்தன் சிற்பக் கல்லூரிப் பையன், சுருட்டை முடி. பேட்ஜரைக் காட்டி, கீரி முடியாண்ணேன்னு கேட்டான். முன்னெல்லாம் படம் வரையற பிரஷ் கீரி முடியிலதான் வருமாம், இப்ப வச்சிருந்தாலே கேஸ், வனவிலங்குச் சட்டம்னான். இது கீரி இல்லப்பா, வெளிநாடு. சொல்லிட்டேனே தவிர மனசுக்குள்ள ஒரு பயம். கல்லூரி ஆரம்பிச்ச 1957லதான் அப்பா கடை போட்டார். அங்க படிக்க வந்த முதல் செட்டுலருந்து எல்லாரும் நம்ம நாற்காலிதான். இவனுக்கு அது தெரியாது. சொல்லல.

கடைக்குள்ள எல்லாமே ஈரம். துண்டு காயல. போர்த்தற வெள்ளைத் துணி காயல. சுவத்துல வேர்வை. படிகாரக் கட்டி வழவழங்குது. கண்ணாடியில ஒட்டின செஸ் ஒலிம்பியாட் தம்பி ஒரு ஓரமா பிரிஞ்சு தொங்குது. வேட்டி கட்டின குதிரை. ஆகஸ்ட்ல என்னா கூட்டம். டாக்டர் ஐயா கதைக்கு அப்புறம் அந்தக் குதிரை மூஞ்சியைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கு.

ஃபேனை முழுசா வச்சு பிரஷ்ஷுங்களை நேர் எதிர்ல மாட்டினேன். ஒரு மணி நேரம். பேப்பர்ல வட்டம் பாதியா குறைஞ்சுது. தொங்கினதுக்கும் பாதி, நின்னதுக்கும் பாதி. மேலயா கீழயாங்கற சண்டையே வீண். காத்துதான். அப்பா சொன்னதும் அதுதானே. கத்தி எண்ணெயில, பிரஷ் காத்துல. மேல கீழன்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்ல. ஆணி அங்க இருந்துது, மாட்டினார். அவ்வளவுதான் போல. நாப்பது வருஷமா நான்தான் அதை சாஸ்திரமா வச்சிருக்கேன்.

எட்டு மணிக்கு கரண்ட் போச்சு. ஃபேனும் போச்சு.

9.12.2022, வெள்ளி

ரெட் அலர்ட். பள்ளிக்கூடம் லீவு. கடை தொறந்தேன், பத்து நிமிஷத்துல மூடினேன். நம்ம ரெண்டையும் பேட்ஜரையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன், சட்டைக்குள்ள வச்சு. நைலான் கிடக்கட்டும். ஊரே அரிசி பருப்பு வாங்கிட்டுப் போகுது, நான் பிரஷ்ஷோட போறேன்.

அவ நாலு தடவை போன். பாப்பா ஒரு தடவை. "ஜன்னல் கிட்டப் படுக்காதப்பா." குரல் களைச்சிருக்கு.

ராத்திரி 11. நம்ம ஊர்கிட்டதான் கரையேறுதாம். வேற இடமே கிடைக்கலையா. எங்கயோ தகரம் அடிச்சுக்குது, அடிச்சுக்குது, நிக்கவே இல்ல. மெழுகுவத்தி. மூணு பிரஷ்ஷும் உள் கொடியில கிளிப் போட்டுத் தொங்குது. கதவு ஜன்னலெல்லாம் சாத்தியும் ஆடுது.

2004லயும் டிசம்பர்தான். ஞாயித்துக்கிழமை. பாதிக் கன்னத்துல நுரையோட ஒருத்தர் எழுந்து ஓடினார். துணி கழுத்துலயே இருந்துது. மீதிக் கன்னம். எழுத வேணாம்.

10.12.2022, சனி

மரம். எங்க பார்த்தாலும் மரம். கடை தப்பிச்சுது, போர்டு போச்சு. எங்க போச்சுன்னே தெரியல.

மத்தியானம் மழை விட்டுது, காத்து விடல. மொட்டைமாடிக் கொடியில மூணையும் மாட்டிட்டுப் பக்கத்துலயே உக்காந்தேன், பறந்துரும்னு பயம். நாலு மணிக்குப் பேப்பர் வச்சேன். வட்டமே இல்ல. பேட்ஜர்லயும் இல்ல! யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துது. யார்கிட்ட சொல்ல. எல்லாரும் ஓட்டையும் தகரத்தையும் தேடிக்கிட்டிருக்காங்க.

ஆறு மணிக்குத் தொட்டேன். மறுபடி பிசுபிசு. முடியை நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்பு. காத்தோட வந்து ஒட்டின உப்பு. அது இருக்கற வரைக்கும் ஈரத்தை இழுத்துக்கிட்டேதான் இருக்கும். நல்ல தண்ணியில மறுபடி அலசணும். மறுபடி நனைக்கணும். அழுகை வர்ற மாதிரி ஆயிருச்சு. பிரஷ்ஷுக்கு இல்ல.

பத்தாம் தேதி. வரல. ரோடெல்லாம் மரம், எப்படி வருவார்.

11.12.2022, ஞாயிறு

ஆறு பேர். கரண்ட் இல்ல. வரல.

வந்தவங்க எல்லாம் மரம் அறுத்தவங்க. மரத்தூள். கல் தூள் மாதிரி அடியில தங்காது, நுரையில மிதக்குது. எல்லாரும் நல்லா பேசினாங்க. புயல் வந்தா ஜனங்க பேசறாங்க.

உலகக் கோப்பையில இங்கிலாந்தை பிரான்ஸ் ஜெயிச்சுருச்சாம், 2-1. அவர் எங்க இருந்து பார்த்தாரோ.

நம்ம பிரஷ்ல முடி கொட்டுது. கிராக்கி உதட்டுல போய் ஒட்டுது. தொங்கினதுலருந்தா நின்னதுலருந்தா, இப்ப சொல்ல முடியாது, ரெண்டும் கலந்துருச்சு. பேட்ஜர்ல ஒண்ணுகூட கொட்டல. உள்ளங்கையில வச்சு அமுக்கினேன். விட்டதும் பூ மாதிரி விரியுது. கன்னத்துல வச்சா எப்படி இருக்கும். வைக்கல. அடுத்தவர் பொருள்.

12.12.2022, திங்கள்

வரல.

காலையில நினைச்சேன்: நேரா மெட்ராஸ் போயிருப்பார், மறந்திருப்பார். மத்தியானம்: மறக்கற விலையா அது. சாயந்திரம் ஒரு புல்லட் சத்தம், எட்டிப் பார்த்தேன். பால்காரர்.

பையன் போன். அவன் வேலை பாக்கற ஓஎம்ஆர் பார்லர்ல ஒரு தலைக்கு வாங்கறது நான் ஒரு நாள் முழுக்க நின்னு வாங்கறது. பிரஷ் கதையை ஆரம்பிச்சேன். "அப்பா, ரொம்ப போர் அடிக்குதா உனக்கு?"ன்னான். இல்லன்னேன்.

ராத்திரி 10. பாப்பாவுக்கு வலி. எட்டு நாள் முன்னாடியே. காலையில முதல் பஸ்.

13.12.2022, செவ்வாய், செங்கல்பட்டு

பொண்ணு. 2 கிலோ 900. விடியக்காலை 5.40. நான் பஸ்ல திருக்கழுக்குன்றம் தாண்டறப்பவே பொறந்தாச்சு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. தலை நிறைய முடி. இன்னும் ஈரம் காயாம, நெத்தியோட ஒட்டிக்கிட்டு.

வேற எழுத வரல.

பிரஷ்ஷைக் கொண்டுவந்திருக்கேன். ஷட்டர் மூடின கடையில ரெண்டு நாள் விட முடியாது. அவ துணிப்பையில பார்த்துட்டா. "பேத்தியைப் பார்க்க வர்றப்பவும் வெள்ளைக்காரன் பிரஷ்ஷா?" ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து பால்கனிக் கொடியில மாட்டினேன். திரும்பினா அவ ஒரு கிளிப்பை நீட்டிக்கிட்டு நிக்கறா.

14.12.2022, புதன், செங்கல்பட்டு

இங்க காயுது!

பத்து மணிக்கு நனைஞ்சது, மூணு மணிக்கெல்லாம் காஞ்சுருச்சு. ராத்திரி தொட்டேன், அப்பவும் பிசுபிசுப்பு இல்ல. கொளவாய் ஏரி நிறைஞ்சு நிக்குது, இருந்தும் இல்ல. நம்ம கடைக்கும் இதுக்கும் முப்பது கிலோமீட்டர். காத்துல உப்பு இல்ல, அதான்.

நனைஞ்சது எப்படின்னா, பேரன். பிரஷ்ஷைக் கழட்டி வாட்டர் கலர்ல தோய்ச்சு சுவத்துல யானை போட்டுட்டான். நீல யானை. கை ஓங்கிட்டேன். அஞ்சு வயசு. "தாத்தா, இது சூப்பர் பிரஷ்." ஆமாண்டான்னேன். யானையும் நல்லாத்தான் இருந்துது.

மாப்பிள்ளை ஏழாம் மாசத்துலருந்து தாடி எடுக்கல. நான் எடுத்து விடட்டுமான்னு கேட்டேன். "டிரிம்மர் இருக்கு மாமா." சரின்னேன். தங்கமான மனுஷன். ஆனாலும் குத்துச்சு.

ராத்திரி அவ: "இங்க ஸ்டேஷன் பக்கம் ஒரு கடை பார்த்தா என்ன?" தூங்கற மாதிரி இருந்தேன். நான் தூங்கலன்னு அவளுக்குத் தெரியும்.

15.12.2022, வியாழன்

ஊர். கரண்ட் வந்துருச்சு. வெள்ளை நுனியில நீலம் இன்னும் லேசா. எலுமிச்சம்பழம் தேய்ச்சேன். போச்சு. பாதி போச்சு.

பிரான்ஸ் மறுபடி ஜெயிச்சு ஃபைனல் வந்துருச்சாம். வரல.

இனிமே அது என்னுதுதானோ. நினைச்சதும் வெக்கமா இருந்துது. கொஞ்ச நேரம்.

16.12.2022, வெள்ளி, மார்கழி 1

நாலரைக்கு முழிப்பு. தலசயனப் பெருமாள் கோயில் பக்கமிருந்து பாட்டு. குளிர். வெள்ளிக்கிழமை சவரம் ஆகாதும்பா அவ. அவ இல்ல.

ஆறு மணிக்குக் கடை தொறந்து என் நாற்காலியில நானே உக்காந்தேன். பேட்ஜரை வெந்நீர்ல நனைச்சேன். சோப்புல நாலு சுத்து. நுரை எழும்பி வந்துது பாரு, அப்பா அடிச்ச நுரை மாதிரி. கன்னத்துல வச்சேன். எப்படி எழுதறது. பன்றி முடி குத்தும். நைலான் வழுக்கும். இது ரெண்டும் இல்ல. சூட்டை உள்ளயே பிடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடுது. கண்ணை மூடிட்டேன். சவரம் ஒரு தடவைதான். நுரை மூணு தடவை.

ஏழு மணிக்கு புல்லட் சத்தம். பால்காரர்னு நினைச்சேன்.

அவரேதான். ஆணியில பிரஷ், நுனியிலருந்து சொட்டிக்கிட்டு. என் கன்னம் பளபளன்னு. பிரஷ்ஷைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நீலத்தைப் பார்த்தார். காதெல்லாம் சூடாச்சு. எடுத்து மோந்து பார்த்தார். "வெரி குட்"ன்னார். வேற ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா தேவலை. ஐநூறு நீட்டினார். வாங்கல. அப்புறம் நூறு வாங்கினேன், வினிகருக்கு.

குழாயை எடுத்தார். வேணாம், ஈரம், அரை மணி நேரம் குடுங்க, ஃபேன்ல வைக்கறேன்னு பதட்டத்துல தமிழ்லயே சொன்னேன். வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். ஏர்போர்ட். உள்ள விட்டார். திருகினார். நல்லா இறுக்கித் திருகினார்.

பன்னெண்டு நாள்.

17.12.2022, சனி

ஒம்பது பேர். நம்ம ரெண்டு பிரஷ்ஷும் காஞ்சிருக்கு.

அந்தக் குழாயில ஓட்டை போட்டிருக்கலாம். மூடியில ரெண்டு, அடியில ரெண்டு, ஆணியால. அரை நிமிஷ வேலை. பன்னெண்டு நாளா என் அலமாரியிலதான் சும்மா கிடந்துது. பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே, குழாயை ஒரு தடவை கையில எடுக்கல.

அடுத்தவர் பொருள், கேக்காம ஓட்டை போடலாமா. போடலாம். கேக்காம சவரம் பண்ணிக்கலையா.

19.12.2022, திங்கள்

கொஞ்சம் வெயில். துண்டெல்லாம் காயுது. காலையில நாலு பேர், அதுல மூணு பேருக்கு ஸ்ப்ரே. 23ந் தேதி பேர் வைக்கறாங்க. ரெண்டு நாள் முன்னாடியே வந்துருன்னா அவ. சரின்னேன். அந்த ஸ்டேஷன் பக்கத்துக் கடை வாடகை எவ்வளவுன்னு கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

நேத்து ஃபைனல், டீக்கடை டிவியில. எல்லாரும் மெஸ்ஸிக்குக் கத்தினாங்க. நான் மட்டும் பிரான்ஸ். ஏன்னு கேட்டாங்க, சொல்லல. பெனால்டியில தோத்துப் போச்சு.

தோத்த மறுநாள் யார் சேவ் பண்ணுவாங்க. அப்ப அது இன்னிக்கும் குழாய்க்குள்ளதான். மூணு நாளாச்சு.